பிடிஎஃப் ப்ளானை ஆட்டோகேட் வரைபடமாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ப்ளான் வரைந்து கொடுப்பது என் தொழில். தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கத்து சைட் இன்ஜினியர்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள், சிஎன்சி (கணினி சொல்கிறபடி வெட்டும் மெஷின்) பட்டறைக்காரர்கள், வீடு கட்டப்போகிறவர்கள் என்று பலர் ஒரு பிடிஎஃப்-ஐ அனுப்பிவிட்டு, "இதை கேட் ஃபைலா மாத்தணும்" என்கிறார்கள். கேட் என்பது கணினியில் வரைபடம் வரையும் மென்பொருள், ஆட்டோகேட் அதில் ஒன்று. அப்புறம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே போட்டிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. பிடிஎஃப்-ஐ அப்படியே ஆட்டோகேட்ல ஓப்பன் பண்ண முடியாதா சார்?

முடியாது. ஆட்டோகேட்டின் சொந்த வடிவமான டிடபிள்யூஜி ஃபைலில் ஒரு சுவர்க் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த லேயரில் (சுவர், கதவு என்று பிரித்து வைக்கும் அடுக்கு) இருக்கிறது, நிஜத்தில் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். பிடிஎஃப் என்பது 1993-ல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தப் பிரிண்டரில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக உருவானது. அங்குலத்தை 72 ஆகப் பிரித்து, அந்தக் கணக்கில் தாளின் மேல் கோடு எங்கே விழுகிறது என்று மட்டும் குறித்து வைத்திருக்கும். உங்கள் ஹால் 14 அடி என்று ப்ளானில் எழுதியிருந்தால், அதுவும் அதற்கு வெறும் எழுத்துதான்.

ஆகவே பிடிஎஃப்-ஐ இம்போர்ட் செய்து, அதிலிருந்து வரைபடத்தை மறுபடி கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. கோடுகள் ஓரளவு நன்றாகத் திரும்பி வரும். அளவு, லேயர், எழுத்து, டைமென்ஷன் (அம்பும் எண்ணும் போட்ட அளவுக்குறி) எல்லாம் அரைகுறையாக வரும், சில சமயம் வரவே வராது.

2. என் பிடிஎஃப் மாத்தக்கூடியதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பிடிஎஃப்-ஐத் திறந்து ஏதாவது ஒரு சுவர் மூலையைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். அடோபி ரீடரில் 6400 சதவீதம் வரை போகலாம். கோடு எவ்வளவு பெரிதானாலும் கூர்மையாகவே இருந்தால் அது வெக்டர். கணினியில் வரைந்து நேராக பிடிஎஃப் ஆக்கியது. ஓரங்கள் படிக்கட்டு மாதிரி உடைந்தால் ஸ்கேன் செய்த படம், அதாவது ராஸ்டர். வெக்டர் என்றால் இம்போர்ட் செய்யலாம். ராஸ்டர் என்றால் 14-வது கேள்விக்குப் போங்கள்.

மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது, ஏமாற்றுவது அதுதான். பார்டரும் டைட்டில் பிளாக்கும் (தாளின் ஓரத்தில் விவரம் எழுதும் பெட்டி) வெக்டராக இருக்கும். நடுவில் இருக்கும் ப்ளான் மட்டும் ஒட்டிய படமாக இருக்கும். அதனால் ஓரத்தில் சோதித்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். ப்ளானின் நடுவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

3. மாத்துறதுக்கு முன்னாடி வேற ஏதாவது செய்யணுமா?

வரைந்தவருக்கு ஒரு போன் போட்டு டிடபிள்யூஜி ஃபைல் கேளுங்கள். நாள் முழுக்க மாற்றுவதைவிட ஐந்து நிமிடப் பேச்சு மேல். கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

4. ஆட்டோகேட்ல எந்த கமாண்ட்? எதையெல்லாம் டிக் பண்ணணும்?

பிடிஎஃப்இம்போர்ட் என்ற கமாண்ட். 2017 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் பிடிஎஃப்-ஐ அடியில் வைத்துப் பார்க்கலாம், கோடாகப் பிரிக்க முடியாது. கமாண்ட் கொடுத்து, ஃபைலைத் தேர்ந்தால் ஒரு சன்னல் திறக்கும். வெக்டர் ஜியோமெட்ரியும் ட்ரூடைப் டெக்ஸ்ட்டும் டிக் ஆகியிருக்கட்டும். சாலிட் ஃபில் என்பதை முதல் தடவை எடுத்துவிடுங்கள். கருப்பாக நிரப்பிய தூண், சாயம் பூசிய தோட்டம் எல்லாம் முக்கோணத் துண்டுகளாக வந்து குவிந்துவிடும்.

'கோடுகளையும் வளைவுகளையும் இணை', 'விட்டு விட்டு வரும் கோட்டை லைன்டைப்பாக ஊகி' என்று இரண்டு வசதிகள் உண்டு. இரண்டையும் போடுங்கள். இரண்டாவதைப் போடாவிட்டால் மேலே போகும் பீமைக் காட்டும் ஒரு புள்ளிக்கோடு நூறு குட்டிக் கோடுகளாக வரும். பிளாக்காக, அதாவது எல்லாம் சேர்ந்த ஒரே பொருளாக, இறக்கும் வசதியும் இருக்கிறது. ஒரே தாளில் பல படங்கள் இருக்கும்போது அது தொந்தரவு, நான் போடுவதில்லை.

5. என்கிட்ட ஆட்டோகேட் இல்லை. காசு செலவில்லாம வழி இருக்கா அண்ணே?

இருக்கிறது. இன்க்ஸ்கேப் இலவச மென்பொருள். அதில் பிடிஎஃப்-ஐத் திறந்து, டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமித்து, லிப்ரேகேட் அல்லது க்யூகேட்-ல் திறந்து திருத்தலாம். டிஎக்ஸ்எஃப் என்பது 1982-ல் ஆட்டோகேட்டின் முதல் பதிப்போடு வந்த பரிமாற்ற வடிவம். ஏறக்குறைய எல்லா வரைபட மென்பொருளும் படிக்கும். சேமிக்கும்போது அலகு மி.மீ. என்று தேர்ந்துகொள்ளுங்கள். இன்க்ஸ்கேப் டிஎக்ஸ்எஃப்-க்கு எழுத்துகளை அனுப்பாது. எழுத்து வேண்டுமென்றால் முதலில் அதைப் பாத் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்ற வேண்டும். மாற்றினால் அது படமாகத்தான் இருக்கும், திருத்த முடியாது. நான் என்றால் எழுத்தை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுத்தைப் புதிதாக அடிப்பேன்.

படிக்கிற பிள்ளைகள் கள்ளப் பதிப்பைத் தேடி அலைய வேண்டாம். தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனமே கல்விப் பயன்பாட்டுக்கு ஆட்டோகேட்டை இலவசமாகத் தருகிறது.

6. ஆன்லைன்ல அப்லோட் பண்ணா ஒரு நிமிஷத்துல மாத்தித் தருதே, அது போதாதா?

வேலை நடக்கும். வெக்டர் பிடிஎஃப் என்றால் கோடு வந்துவிடும். ஆனால் நீங்கள் ஏற்றுவது யாருடைய ஃபைல் என்று பாருங்கள். ப்ளானோடு பட்டா நகல், பத்திரப் பக்கம், ஆதார் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக வைத்திருப்பது நம் பக்கத்து வழக்கம். அந்தக் கட்டை முழுசாக யாரோ முகம் தெரியாதவரின் சர்வரில் ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ப்ளான் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து ஏற்றுங்கள்.

7. மாத்திட்டேன். 30 அடி சுவர் 91 மி.மீ.ன்னு காட்டுது. என்ன தப்பு?

தப்பு எதுவும் இல்லை. 30 அடி என்பது 9144 மி.மீ.; 1:100 ஸ்கேலில் தாளில் அது 91.44 மி.மீ. நீங்கள் பார்ப்பது தாளின் அளவு. 100-ஆல் பெருக்கினால் நிஜ அளவு வந்துவிடும்.

ஆனால் தாளில் 1:100 என்று எழுதியிருப்பதை நம்பிப் பெருக்காதீர்கள். ஏ1 தாளுக்கு வரைந்ததை ஏ3-ல் 'ஃபிட் டு பேஜ்' போட்டு பிடிஎஃப் ஆக்கியிருந்தால் எல்லாம் பாதியாகச் சுருங்கி நிஜ ஸ்கேல் 1:200 ஆகியிருக்கும். எழுத்து மட்டும் 1:100 என்றே சொல்லும். ஸ்கேல் கமாண்டில் ரெஃபரன்ஸ் என்ற வழி இருக்கிறது. ப்ளானிலேயே நீளமான, டைமென்ஷன் எழுதிய ஒரு சுவரைப் பிடித்து, அதன் இரு முனைகளையும் கிளிக் செய்து, எழுதியிருக்கும் அளவைக் கொடுங்கள். குட்டி அளவைப் பிடித்தால் பிழை பெருகும். பாத்ரூம் கதவை வைத்து ஸ்கேல் செய்து வீட்டின் நீளம் அரை அடி தள்ளிப்போன ப்ளான்களைப் பார்த்திருக்கிறேன்.

செய்த பிறகு, அந்தச் சுவருக்குச் செங்குத்தான திசையில் வேறொரு அளவைச் சரிபாருங்கள். அதுவும் ஒத்துவந்தால் மேலே போகலாம்.

8. ஒரே தாள்ல ப்ளான் சரியா வந்துச்சு, சைட் ப்ளான் தப்பா வருதே?

ஒரு தாளில் ஒரே ஸ்கேல்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. தரைத்தள ப்ளான் 1:100, சைட் ப்ளான் 1:200 அல்லது 1:500 என்று இருக்கும். மனை எங்கே இருக்கிறது என்று காட்டும் கீ ப்ளானுக்கு ஸ்கேலே இருக்காது. ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து வைத்து, 7-ல் சொன்னபடி தனித்தனியாக ஸ்கேல் செய்யுங்கள். கீ ப்ளானைத் தொடாதீர்கள்.

9. 9 அங்குலச் சுவர் ஒரு இடத்துல 228.6, இன்னொரு இடத்துல 232ன்னு வருது. எது சரி?

228.6 என்பது சரியாக 9 அங்குலம்தான். மெட்ரிக்கில் வரைபவர்கள் அதையே 230 என்று போடுவார்கள். 232-தான் பிடிஎஃப் செய்த வேலை. 600 டிபிஐ-யில் பிடிஎஃப் ஆக்கும்போது ஒவ்வொரு முனையும் அங்குலத்தில் 600-ல் ஒரு பங்குக் கட்டத்துக்கு நகர்ந்து உட்காரும். அந்தக் கட்டம் தாளில் 0.042 மி.மீ.; 1:100-ல் நிஜத்தில் 4 மி.மீ.க்குச் சற்று மேல். இரண்டு முனையும் நகரும்போது சுவர் சில மி.மீ. தடிக்கும் அல்லது மெலியும்.

அதனால் இம்போர்ட் செய்த கோட்டின் மேல் டைமென்ஷன் போட்டு, வந்த எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். பிடிஎஃப்-ல் எழுதியிருக்கும் அளவு எதுவோ அதுதான் அளவு. கோட்டை அதற்கு ஏற்ப இழுத்துச் சரிசெய்யுங்கள். பழைய டிராயிங்குகளில் 'எழுதிய அளவைப் பின்பற்றவும், வரைபடத்தை அளக்க வேண்டாம்' என்று ஒரு குறிப்பு இருக்கும். இந்தத் தொழிலில் ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்யலாம் என்றால் அதைச் செய்யுங்கள்.

10. ப்ளான்ல 10.6ன்னு எழுதியிருக்கு. நான் 10.6 அடின்னு கொடுத்தேன், அறை இடிக்குது!

நம்மூர் ப்ளான்களில் 10.6 என்றால் பெரும்பாலும் 10 அடி 6 அங்குலம். கணினிக்கு அது 10.5 அடி. 10.6 என்று கொடுத்தால் 10 அடி 7.2 அங்குலம் ஆகிவிடும். இதே கணக்கில் 10.10 என்பது 10 அடி 10 அங்குலம். கணினியோ அதை 10.1 என்று படிக்கும். ஒரு வரிசையில் உள்ள அறைகளையும் சுவர்களையும் அங்குலத்தில் கூட்டி, வெளியே எழுதிய மொத்த நீளத்தோடு ஒத்துப் பாருங்கள். எந்த முறையில் எழுதியிருக்கிறார் என்பது அந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடும்.

11. எழுத்தெல்லாம் குட்டிக் குட்டிக் கோடா வந்திருக்கு. ஒவ்வொண்ணா அடிக்கணுமா?

ஆட்டோகேட்டின் பழைய எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்கள் கோட்டால் ஆனவை. பிடிஎஃப் ஆகும்போது எழுத்து என்ற அடையாளம் போய் கோடு மட்டும் மிஞ்சும். 2018 பதிப்பிலிருந்து பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ்டெக்ஸ்ட் என்ற கமாண்ட் இருக்கிறது. கோடுகளைத் தேர்ந்து கொடுத்தால், எழுத்துருவோடு ஒப்பிட்டு மறுபடி எழுத்தாக்கித் தரும். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. 8, 3, 6 ஆகிய எண்களை மட்டும் கண்ணால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

12. தமிழ் எழுத்து மட்டும் குப்பையா வருதே, ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். இம்போர்ட் செய்யும்போது எழுத்துரு மாறியதும் போர்வை போய், அரைப்புள்ளிகளோடு ஆங்கிலக் கந்தல் தெரியும். அதே எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும், தமிழ் திரும்பிவிடும். இல்லையென்றால் அந்தக் கந்தலை நகலெடுத்து, இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்குங்கள்.

இரண்டாவது, யூனிகோடு எழுத்துருவே ஆனாலும் பிடிஎஃப் எழுத்தின் வடிவங்களைத் தாளில் தெரியும் வரிசையில் வைக்கும். 'கொல்லை' என்பதில் கொம்பு முதலில், க அடுத்து, கால் அதன்பின். திருப்பி எடுக்கும்போது கொம்பு தனியே அனாதையாக நிற்கும். இதற்குச் சுருக்கு வழி தேடுவதைவிட, லதா அல்லது நிர்மலா யுஐ எழுத்துருவில் ஒரு டெக்ஸ்ட் ஸ்டைல் வைத்துக்கொண்டு மறுபடி தட்டச்சு செய்வது விரைவு. ஒரு வீட்டு ப்ளானில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று இருபது சொற்களுக்கு மேல் இருக்கப்போவதில்லை. எஸ்எச்எக்ஸ் ஸ்டைலில் தமிழ் அடித்தால் கேள்விக்குறியாகத்தான் வரும்.

13. வட்டம் துண்டு துண்டா இருக்கு, ஒரே கோட்டு மேல ரெண்டு மூணு கோடு இருக்கு, லேயரும் இல்லை. எதிலிருந்து தொடங்குறது?

பிடிஎஃப்-ல் வட்டம் என்று ஒரு பொருளே கிடையாது. நேர்கோடும் பெசியர் வளைவும்தான் உண்டு. வட்டத்தை வழக்கமாக நாலு வளைவுகளால் ஒட்டி வைத்திருக்கும். ஆட்டோகேட் சில இடங்களில் அதை வட்டமென்று கண்டுபிடிக்கும், சில இடங்களில் விட்டுவிடும். டைமென்ஷனும் அப்படித்தான்: அம்பு தனி, கோடு தனி, எண் தனி. அவற்றை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பரப்பை நிரப்பும் கோடுகளான ஹேட்சையும் அழியுங்கள்.

நான் போகும் வரிசை: முதலில் ஸ்கேல், அப்புறம் ஓவர்கில் கமாண்டால் இரட்டைக் கோடுகளை நீக்குவது, அப்புறம் லேயர், கடைசியில் பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ். ஓவர்கில்லில் டாலரன்ஸ் (எவ்வளவு விலகல் வரை ஒரே கோடாகக் கருதலாம்) எண்ணை ஸ்கேலுக்குப் பிறகு கொடுத்தால்தான் அதற்கு அர்த்தம் இருக்கும். பிடிஎஃப் ஆக்கியவர் லேயர் தகவலைச் சேர்த்திருந்தால் இம்போர்ட்டில் அதுவும் வரும். இல்லாவிட்டால் கோட்டின் தடிமனையும் நிறத்தையும் வைத்துப் பிரியுங்கள். வரைந்தவர் சுவருக்கு ஒரு பேனா, கதவுக்கு ஒரு பேனா என்று வைத்திருப்பார். ஒரு சுவரைத் தேர்ந்து, 'இதைப் போன்றவற்றைத் தேர்' என்று கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

14. ஸ்கேன் பண்ண பிடிஎஃப்தான் இருக்கு. போன்ல எடுத்த போட்டோ பரவாயில்லையா?

போட்டோ கடைசி வழி. தாள் மடிப்பும் கேமராவின் சாய்வும் சேர்ந்து செவ்வக அறையைச் சாய்ந்த பெட்டியாக்கிவிடும். ஜெராக்ஸ் கடையில் பெரிய தாள் ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ-யில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஏ1 தாள் என்றால் சுமார் 7016-க்கு 9933 பிக்சல் வரும். 1:100 ப்ளானில் ஒரு பிக்சல் நிஜத்தில் சுமார் எட்டரை மி.மீ.; வீட்டு வேலைக்குப் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது.

கிடைத்த படத்தை இமேஜ்அட்டாச் கமாண்டால் உள்ளே வைத்து, ஸ்கேல் செய்து, அந்த லேயரைப் பூட்டிவிட்டு, மேலே கையால் வரையுங்கள். எழுதிய அளவுகளைக் கொடுத்து வரைய வேண்டும். படம் வழிகாட்ட மட்டும். மூன்று படுக்கையறை வீட்டை இப்படி வரைவது, தானாக மாற்றிய குப்பையைச் சுத்தம் செய்வதைவிடச் சீக்கிரம் முடியும்.

15. ஸ்கேனைத் தானாவே கோடாக்குற சாஃப்ட்வேர் இருக்காமே? ஏஐ வேற வந்திருச்சே?

இருக்கிறது. ஸ்கேன்2கேட், வின்டோபோ, ஆட்டோகேட்டோடு வரும் ராஸ்டர் டிசைன் எல்லாம் அந்த வேலையைச் செய்பவை. இன்க்ஸ்கேப்பின் ட்ரேஸ் பிட்மேப்பும் செய்யும், ஆனால் வழக்கமான முறையில் அது கருப்புப் பகுதியின் இரண்டு ஓரத்தையும் வரையும். ஒரு பேனாக் கோடு இரண்டு கோடாகிவிடும். சென்டர்லைன் முறையைத் தேர்ந்தால் நடுக்கோடு ஒன்று மட்டும் வரும். உயரக் கோடுகள், ஆற்றின் கரை போன்ற வளைந்து நெளிந்த கோடுகளுக்கு இவை உதவும். நேரான சுவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஏஐ கருவிகளைப் பொறுத்தவரை, அழிந்துபோன எண்ணை அது ஊகித்து அழகாக எழுதிவைத்துவிடும் என்பதுதான் பயம். மங்கிய 3 என்றால் மங்கிய 3 என்றே எனக்குத் தெரிய வேண்டும்.

16. நீளத்துல சரியா இருக்கு, அகலத்துல மட்டும் அங்குலக்கணக்குல தள்ளுது. என்ன பண்றது?

7-ல் சொன்ன இரண்டாவது சோதனையில் தோற்ற படம் இது. உருளையில் இழுக்கும் ஸ்கேனர் தாளை இழுக்கும் திசையில் கொஞ்சம் நீட்டியோ சுருக்கியோ விடும். பழைய அமோனியா பிரிண்ட், ட்ரேசிங் தாள் எல்லாம் ஈரக்காற்றில் ஒரு பக்கம் அதிகமாக விரியும். நாகப்பட்டினம் பக்கம் இரும்பு பீரோவில் பல மழைக்காலம் கிடந்த தாள்களில் இது சகஜம்.

படத்தையோ கோடுகளையோ பிளாக் ஆக்கி, எக்ஸ் திசைக்கு ஒரு ஸ்கேல், ஒய் திசைக்கு ஒரு ஸ்கேல் என்று கொடுத்து இன்சர்ட் செய்யுங்கள். வட்டங்கள் நீள்வட்டமாகும், பரவாயில்லை, அவற்றை மறுபடி வரையலாம். போட்டோவாக இருந்து நாலு மூலையும் நாலு விதமாகச் சாய்ந்திருந்தால் இது போதாது. ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் முதலில் நேராக்குங்கள்.

17. வேர்டு ஃபைல்ல ப்ளான் படம் இருக்கு, எக்செல்ல கம்பி அட்டவணை இருக்கு. அதை எப்படி கொண்டுவர்றது?

எக்செல்லில் தேவையான கட்டங்களை நகலெடுத்து, ஆட்டோகேட்டில் பேஸ்ட் ஸ்பெஷல் போய், ஆட்டோகேட் என்டிட்டிஸ் என்று தேர்ந்தால் திருத்தக்கூடிய அட்டவணையாக விழும். சாதாரண பேஸ்ட் செய்தால் எக்செல் துண்டாகவே ஒட்டிக்கொள்ளும், ஆட்டோகேட் அட்டவணையாகாது.

வேர்டு ஃபைலின் பெயரில் கடைசியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே மீடியா என்ற ஃபோல்டரில் மூலப் படங்கள் அப்படியே இருக்கும். மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். படம் வெக்டர் வகையாக இருந்தால் வேர்டை பிடிஎஃப் ஆக்கி 4-ன்படி இம்போர்ட் செய்யலாம், இல்லையென்றால் 14.

18. எஃப்எம்பி பிடிஎஃப்-ஐ கேட்ல போட்டு மனையைப் பிரிச்சுக்கலாமா?

எஃப்எம்பி என்பது நில அளவைத் துறையின் புல வரைபடம். அதை வரைந்து பார்க்கலாம். எல்லைக்கல் நடுவதற்கு அது போதாது, அதற்கு நில அளவர் வர வேண்டும். வரையும்போது எஃப்எம்பி-யின் கோட்டை ஸ்கேல் செய்து அளக்காதீர்கள். அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் நீளம் எழுதியிருக்கிறது. நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்ததால் மூன்று பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தை வரைந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் மற்ற இரண்டு நீளங்களை ஆரமாக வைத்து வட்டம் போட்டால், வெட்டும் இடம் மூன்றாவது மூலை. இப்படியே அடுத்தடுத்த முக்கோணம். பிடிஎஃப் படத்தை அடியில் வைத்துக்கொள்வது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க மட்டும்.

பழைய எஃப்எம்பி-யில் அளவு லிங்கில் இருக்கலாம். 100 லிங்க் சேர்ந்தது 66 அடிச் சங்கிலி. ஒரு லிங்க் 20.12 செ.மீ. அதை மீட்டர் என்று எடுத்தால் நிலம் ஒவ்வொரு பக்கமும் ஐந்து மடங்காகும். வரைந்து முடித்ததும் பரப்பைப் பட்டாவோடு ஒப்பிடுங்கள். பட்டாவில் ஹெக்டேர்–ஏர் கணக்கு. ஓர் ஏர் 100 சதுர மீட்டர். வீட்டுப் பெரியவர் மா கணக்கில் சொன்னால், 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. அதாவது 33 சென்ட், சுமார் 13.38 ஏர். 20 மா ஒரு வேலி.

கூகுள் படத்தின் மேல் உட்கார வைக்கவும் பலர் கேட்கிறார்கள். எஃப்எம்பி-யில் பூமி ஆயத்தொலைவு இருக்காது. கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் ஜியோரெஃபரன்ஸ் (படத்தைப் பூமி ஆயத்தொலைவோடு பொருத்துவது) செய்ய வேண்டும்; டெல்டா முழுவதும் யுடிஎம் என்ற ஆயத்தொலைவு முறையின் 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. நிலத்தில் இன்றும் நிற்கிற கல், மதகு, பாலம் ஆகியவற்றைப் புள்ளியாக எடுங்கள். வரப்பை எடுக்காதீர்கள், அது நகரும்.

19. வாய்க்கால் நீள்வெட்டு பிடிஎஃப் மாத்தினேன். ரெண்டு மீட்டர் ஆழம் நாப்பது மீட்டர் காட்டுது!

நீள்வெட்டு என்பது வாய்க்காலை நீளவாக்கில் வெட்டிப் பார்த்த படம். இது 16-ல் சொன்ன கோளாறு இல்லை. வேண்டுமென்றே அப்படித்தான் வரைவார்கள். டெல்டாவில் தரைச் சரிவு மிகக் குறைவு. 5000-க்கு 1 சரிவு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 20 செ.மீ. இறக்கம். கிடைமட்டம் 1:2000-ல் அந்தக் கிலோமீட்டர் தாளில் 50 செ.மீ.; அதே ஸ்கேலில் இறக்கம் 0.1 மி.மீ., கண்ணுக்கே தெரியாது. அதனால் செங்குத்தை 1:100-ல் போடுவார்கள். கிடைமட்டத்துக்கு ஏற்ப முழுசையும் ஸ்கேல் செய்தால் உயரம் 20 மடங்காகத்தான் வரும்.

திருத்தி, மறுபடி பிரிண்ட் எடுக்க மட்டும் என்றால் அப்படியே விட்டுவிட்டு, இரண்டு ஸ்கேலையும் தாளில் எழுதுங்கள். மண் கணக்கு எடுக்க வேண்டுமென்றால் தனி ஃபைலில், கோட்டைப் பின்பற்றாமல், படத்துக்கு அடியில் உள்ள அட்டவணையின் சங்கிலித் தூரத்தையும் (தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) ஆர்எல் (மட்ட உயரம்) மதிப்பையும் எடுத்துப் புதிதாக வரையுங்கள். ஏன் என்றால், 0.25 மி.மீ. பேனாக் கோடு 1:100-ல் இரண்டரை செ.மீ. கனம். இந்தச் சரிவில் இரண்டரை செ.மீ. என்பது 125 மீட்டர் தூரத்துக்கான இறக்கம். கோட்டின் மேல் விளிம்பைப் பிடித்தீர்களா, கீழ் விளிம்பைப் பிடித்தீர்களா என்பதிலேயே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. குறுக்குவெட்டுப் படங்களில் இரண்டு ஸ்கேலும் ஒன்றாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

20. கதவு டிசைன் பிடிஎஃப் இருக்கு. சிஎன்சி-க்கு டிஎக்ஸ்எஃப் கொடுத்தா மெஷின் பாதியில நிக்குது.

முதல் சந்தேகம், கோடு மூடவில்லை. கண்ணுக்கு மூடியதாகத் தெரியும் பூவிதழில் நூலிழை இடைவெளி இருக்கும். பெடிட் கமாண்டில் ஜாயின் கொடுத்து, சின்ன ஃபஸ் தூரம் (எவ்வளவு இடைவெளி வரை இணைக்கலாம் என்ற எண்) கொடுத்து மூடுங்கள். இரண்டாவது, ஸ்ப்ளைன் என்ற நெளிவுக் கோடு. சில மெஷின் மென்பொருள்கள் நேர்கோட்டையும் ஆர்க்கையும் (வட்ட வில்) மட்டும் படிக்கும். ஸ்ப்ளைனைப் பாலிலைனாக்கி (தொடர்ந்து இணைந்த துண்டுக் கோடுகள்), புள்ளிகளைக் குறைத்துக் கொடுங்கள். மூன்றாவது, 15-ல் சொன்ன இரட்டைக் கோடு: வெட்டியெடுக்க ஓரக்கோடு வேண்டும், கீறிப் பொறிக்க நடுக்கோடு வேண்டும். எது என்று ஆசாரியிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். தேக்குப் பலகை விலைக்கு, முதலில் ஒரு ப்ளைவுட் துண்டில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

21. பழைய வீட்டு ப்ளானைச் சரியா மாத்திட்டேன். ஆனா சைட்ல போய் அளந்தா ஒத்தே வரலை.

கும்பகோணம் அக்ரஹாரத்து வீடுகளில் இது எப்போதும் நடக்கும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், வாசலிலிருந்து கொல்லை வரை நீளமான மனை, முன்புற அகலம் ஒன்று, பின்புற அகலம் வேறு. ப்ளான் வரைந்தவர் எல்லா மூலையையும் 90 பாகையாகப் போட்டிருப்பார். பூச்சு மேல் பூச்சு ஏறிச் சுவர் தடித்திருக்கும். நீங்கள் மாற்றியதில் பிழை இல்லை, மூலத்திலேயே இருந்தது.

ஒவ்வொரு அறையிலும் நாலு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டத்தையும் டேப்பால் எடுங்கள். 18-ல் சொன்ன முக்கோண முறையிலேயே அறையை வரையலாம். பொதுச்சுவரின் கனத்தைக் கதவு நிலையிலோ ஜன்னலிலோ அளக்க முடியாது. மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய ஃபைலை ஒரு லேயரிலும் நேரில் அளந்ததை வேறு நிறத்தில் இன்னொரு லேயரிலும் வைத்தால், எங்கே எவ்வளவு விலகுகிறது என்பது வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும்.

22. வேற இன்ஜினியர் போட்ட ப்ளான். பாஸ்வேர்டு இருக்கு. எடுத்துட்டு, பேரை மாத்திக் கொடுக்க முடியுமா?

அந்த வேலையை நான் எடுப்பதில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் வரைபடம், ப்ளான் எல்லாம் கலைப்படைப்பு என்ற வரையறைக்குள் வருகின்றன. வீடு உங்களுடையதாக இருக்கலாம். டிராயிங்கின் உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. பாஸ்வேர்டு போட்டவரிடமே பேசி, எழுத்தில் ஒரு சம்மதம் வாங்குங்கள். பழைய ப்ளானை ஆதாரமாக வைத்து மாற்றம் செய்கிறீர்கள் என்றால், மூலத்தை வரைந்தவர் யார், எந்தத் தேதி டிராயிங் என்பதைப் புதிய டைட்டில் பிளாக்கில் ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள். ஒப்புதலுக்குப் போகும் டிராயிங்கில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர் மாற்றிய ஃபைலின் ஒவ்வோர் அளவுக்கும் பொறுப்பு. அவரிடம் 9-ஆம் பதிலைக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.